ஹோம்நாத் காது வைத்த மண்

எங்கள் மலைக் கிராமம் ராத்மாட்டேயில் ஹோம்நாத் கதிவடாவுக்கு நிலம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. மலைச்சரிவில் நாலு படி வயல், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடு, அதன் கீழ்த்தளம் எருமைக் கொட்டில். ஆனால் அவனுக்கு ஒரு காது இருந்தது. அதைப் பற்றி எங்கள் மாவட்டம் முழுக்கப் பேசுவார்கள்.

நான் ரோட்டுத் திருப்பத்தில் டீக்கடை வைத்திருப்பவள். மகர் சாதி, மலைக்குடி. கதிவடாக்கள் பாகுன்கள், பூணூல் போட்ட பிராமணர்கள். பகலில் என் கடையில் டீ மட்டும்தான் குடிப்பார்கள். இருட்டினால் பின்வாசல் வழியாக வந்து ரக்சிச் சாராயம் கேட்பார்கள். ஹோம்நாத் ஒருத்தன்தான் பகலிலேயே வந்து பகலிலேயே குடித்துவிட்டுப் போவான். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

வாலிபத்தில் கத்தாருக்குப் போய்ச் சாக்கடைக் குழி தோண்டினான். மண் எப்போது சரியும், எப்போது நிற்கும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டானாம். திரும்பி வந்த வருஷம் அந்தப் பெரிய நிலநடுக்கம். ஊரே ஓலமிட்டுக்கொண்டிருந்தபோது, இடிந்து கிடந்த தட்டார் வீட்டின் மேல் குப்புறப் படுத்துக் காதை வைத்து, எல்லாரையும் வாயை மூடச் சொன்னான். யாரும் மூடவில்லை. கல்லை எடுத்து அடிப்பேன் என்று கத்தினான். மூடினார்கள். உள்ளேயிருந்து தட்டார் மருமகள் முனகுவது அவனுக்கு மட்டும் கேட்டது. அவளை உயிரோடு வெளியே எடுத்தார்கள். இன்றைக்கும் அவள் கடைவீதியில் மூக்குத்தி விற்கிறாள்.

அதற்கப்புறம் நிவாரணக்காரர்கள் அவனைக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்து, ஆரஞ்சு நிறத் தொப்பியும் கயிறும் கொடுத்தார்கள். எங்கே மலை சரிந்தாலும் ஆள் அனுப்புவார்கள். போவான். சம்பளம் கிடையாது. அவல் பொட்டலமும் நூடுல்ஸும் கொடுப்பார்கள், அதையும் பாதி அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வருவான். அவன் பெண்டாட்டி பவித்ரா என் கடைக்கு உப்பு வாங்க வரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

"ஊருக்கெல்லாம் காது குடுக்கிற மனுஷன் அக்கா, வீட்டுல நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் விழாது," என்பாள்.

அவர்களுக்கு ஒரே பெண், எலினா. இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வழியில் என் கடை நாயைச் சீண்டாமல் போகமாட்டாள். நாய்க்கும் அது பழகிப்போய், விடுமுறை நாளில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்.

மழைக்காலம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தசைன் பண்டிகைக்கு ஆடு விலை பேச ஆரம்பித்திருந்த நேரம். அப்போது பிடித்தது அந்த மழை. விடாமல் கொட்டியது. விடியற்காலையில் கீழ்க் கடைவீதியில் ஆறு புகுந்துவிட்டது என்று ஹோம்நாத்துக்குப் போன் வந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினான். போகும்போது என் கடையில் நின்று ஒரு டீ குடித்தான். வீட்டுக்குப் பின்னால் மலையில் ஊற்று கலங்கி வருகிறது, மண் இளகுகிறது என்றும், பவித்ராவை மேல் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடச் சொல்லியிருப்பதாகவும் சொன்னான். எருமைக்குத் தீனி வைத்துவிட்டுப் போகிறேன் என்றாளாம்.

உச்சிவேளையில் அவன் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. மலை இறங்கி ஆறுவரைக்கும் போயிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஓடினான். அங்கே எல்லாரும் இருந்தார்கள், அவர்கள் இரண்டு பேரும் இல்லை.

ரோடு அறுந்துபோனதால் மறுநாள்தான் மீட்புப் படை வந்தது, ஒரு பொக்லைனோடு. படைக்குத் தலைவர் சமவெளிப் பக்கத்துப் பையன். சின்ன வயசு, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, ஆனால் பொறுமைசாலி. ஹோம்நாத் கையைக் காட்டினால் இயந்திரத்தை நிறுத்துவார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஹோம்நாத் சேற்றில் முகம் பதியப் படுத்து, கல்லால் தட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கேட்பான். கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது. மேலே மழை. ஆற்றை யார் வாயை மூடச் சொல்வது? எழுந்து தலையை ஆட்டுவான், இயந்திரம் மறுபடி கிளம்பும். நான் இரண்டு வேளையும் அவர்களுக்கு பருப்பும் சோறுமாக டால் பாத் ஆக்கிப் போட்டேன். ஹோம்நாத் சாப்பிடவில்லை.

ரோட்டில் இன்னும் கீழே ஒரு பஸ் புதைந்து கிடந்தது. அங்கே வரச் சொல்லி மேலிடத்திலிருந்து அந்தப் பையனைப் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார், வீட்டுக்காரர் போதும் என்று சொல்கிற வரைக்கும் இங்கேதான் தோண்டுவோம் என்று. அந்தச் சொல்லை அவர் காப்பாற்றினார். மீறியது எங்கள் ஆட்கள்தான்.

ஹோம்நாத்தின் பெரியப்பா மகன் தீர்த்தராஜ். ஊரில் பெரிய மனிதர், கதிவடாப் பங்காளிகளுக்கெல்லாம் மூத்தவர். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேர் ஆஸ்திரேலியாவில். எத்தனையோ வருஷம் கழித்து இந்தத் தசைனுக்குத்தான் வருகிறார்கள், அப்பா கையால் நெற்றியில் சிவப்பு டீக்கா வைத்துக்கொள்ள. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பங்காளி வீட்டில் சாவு என்றால் பதின்மூன்று நாள் தீட்டு. தீட்டு டீக்கா நாளில் விழுந்தால் கதிவடாக்களில் ஒருத்தர் நெற்றியிலும் சிவப்பு ஏறாது. உடம்பு கிடைக்காமல் இழுத்துக்கொண்டே போனால் என்றைக்குத் தீட்டு ஆரம்பிப்பது, என்றைக்குக் கழிப்பது? ஆனால் உடம்பு இல்லாவிட்டால் தர்ப்பையில் ஒரு பாவை செய்து அதற்குக் கொள்ளி வைக்கலாம், அன்றைக்கே காரியம் தொடங்கிவிடும். இந்த ஓரிரு நாளில் கொள்ளி வைத்தால் டீக்காவுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கை அவர் என் கடையில் உட்கார்ந்துதான் பங்காளிகளிடம் பேசினார். நான் டீ ஆற்றிக்கொண்டே, தீட்டு இன்னும் வரவே இல்லையே அண்ணே, அதற்குள் கழிக்கப் பார்க்கிறீர்களே என்றேன்.

"நீ மகர் பொம்பளை. எங்க வீட்டுத் தீட்டு உனக்கு என்ன தெரியும்? டீயைப் போடு," என்றார்.

போட்டேன். வேறு என்ன செய்ய? எனக்கு வந்த ஆத்திரத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருக்க வேண்டும்.

ஆனால் அவரை முழுக்கப் பொல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. ஹோம்நாத்திடம் போனபோது அவர் தசைனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதார். நிஜமான அழுகைதான். அது பித்ரு பட்சம், செத்தவர்கள் எல்லாம் பிண்டம் வாங்க வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிற பதினைந்து நாள். ஊரில் எல்லார் வீட்டுப் பெரியவர்களும் வயிறு நிறைந்து போகிறார்கள், உன் பெண்டாட்டியும் பிள்ளையும் மட்டும் கொள்ளியும் இல்லாமல் பிண்டமும் இல்லாமல் வெளியே நிற்கிறார்கள் என்றார். புரோகிதரும் கூட வந்திருந்தார். இந்தப் பட்சத்திலேயே பிண்டம் போட்டுவிட்டால் நேராக அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் என்று அவரும் தலையை ஆட்டினார்.

ஹோம்நாத் கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு என் கடைக்கு வந்தான். உடம்பெல்லாம் சேறு. பெஞ்சில் உட்காரவில்லை, அழுக்காகிவிடும் என்று நின்றான்.

"அக்கா, உனக்கு என்ன தோணுது?" என்றான்.

"உடம்பே கிடைக்கல, அதுக்குள்ள எதுக்குக் கொள்ளி? இன்னும் ரெண்டு நாள் தோண்டட்டும். நீதானே எல்லாருக்கும் சொல்லுவ, பொறுங்க பொறுங்கன்னு."

"ஒண்ணும் கேக்கல அக்கா. நான் எத்தனை தடவை படுத்துக் கேட்டேன் தெரியுமா? ஒண்ணுமே கேக்கல." மலைப் பக்கம் திரும்பினான். "எலினா பசி தாங்க மாட்டா. பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு ஒரு நிமிஷம் லேட்டானா தட்டைப் போட்டு உடைப்பா. அவளை எப்படி வெளியில நிக்க வைக்கிறது?"

அவனுடைய சாமியும் சாத்திரமும் என்னுடையது இல்லை. பசி என்றால் எனக்கும் தெரியும். ஒரு டீயை ஆற்றி அவன் கையில் கொடுத்தேன்.

அன்றைக்கே ஆற்றங்கரையில் பாவை கட்டினார்கள். பவித்ராவுக்குப் பெரியது. சின்னப் பெண்ணுக்கு இவ்வளவு வேண்டியதில்லை என்றார் புரோகிதர். ஹோம்நாத் கேட்கவில்லை. தானே தர்ப்பையை எடுத்துச் சின்னதாக ஒன்று கட்டினான், தலைப் பக்கம் இரண்டு பின்னலும் பின்னினான். பெண்கள் யாரும் அங்கே போகக்கூடாது. நான் ரோட்டில் நின்று பார்த்தேன். ஈரத் தர்ப்பை, பற்றவே இல்லை. நெய்யை ஊற்றி ஊற்றிப் பற்ற வைத்தார்கள்.

மொட்டை அடித்து, வெள்ளை கட்டிக்கொண்டு பள்ளிக்கூட முகாமின் ஒரு மூலையில் உட்கார்ந்தான். இனி அவனை யாரும் தொடக்கூடாது. அவனே பொங்கி, உப்பில்லாமல் ஒரு வேளை சாப்பிட வேண்டும். மீட்புப் படைப் பையன் அங்கே வந்தார். வெள்ளையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். கொள்ளி வைத்த இடத்தில் உயிரைத் தேட எந்தப் படையும் நிற்காது. அவரும் இந்துதான், அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் பொக்லைனை லாரியில் ஏற்றினார்கள். லாரி முகாமைத் தாண்டும்போது ஹோம்நாத் தலையைத் தூக்கி, அது எங்கே போகிறது என்று கேட்டான். பஸ்ஸைத் தோண்ட என்று யாரோ சொன்னார்கள். நல்லது, அங்கேயாவது யாராவது இருப்பார்கள் என்றான்.

தினமும் காலையில் ஆற்றங்கரைக்குப் போய் இரண்டு பிண்டம் வைத்தான். ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெரியது பிள்ளைக்கு என்று பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னான். வீடு இருந்த மண்மேட்டைத் தாண்டித்தான் ஆற்றுக்கு இறங்க வேண்டும். தாண்டித்தான் போனான்.

தீட்டு கழிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். தீர்த்தராஜ் வீட்டில் ஆடு வெட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள், நெற்றி நிறைய அரிசியும் சிவப்புமாகப் பங்காளிகள் எல்லாரும் ரோட்டில் போனார்கள். ஹோம்நாத்துக்கு மட்டும் வருஷம் முடியும்வரை டீக்கா கிடையாது. அவன் நிவாரணக் கூடாரத்தின் வாசலில் உட்கார்ந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு என் கடைக்கு வந்த எந்தக் கதிவடாவுக்கும் நான் டீ போடவில்லை. பால் திரிந்துவிட்டது என்றேன்.

பண்டிகை முடிந்தபின் ரோட்டை அகலப்படுத்த ஒரு பொக்லைன் வந்தது. மண்மேட்டைக் கீழிருந்து அறுத்துக்கொண்டு போனது. ஒரு மத்தியானம் அதன் சத்தம் நின்றது. ஓட்டுகிறவன் இறங்கி என் கடைக்கு ஓடி வந்து தண்ணீர் கேட்டான், குடிக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். நான் போய்ப் பார்த்தேன்.

பவித்ரா மேலே அடுப்படியில் இருந்தாள். உத்தரம் கழுத்தில் விழுந்திருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எலினா கீழே எருமைக் கொட்டிலில் இருந்தாள். மேல்தளத்துப் பலகை சாய்ந்து ஒரு மூலையில் சின்னக் குகைபோல் நின்றிருந்தது. விதைக்குக் கட்டித் தொங்கவிட்ட மக்காச்சோளம் அந்த மூலையில்தான். கதிர்கள் அவளைச் சுற்றிக் கிடந்தன. பல்லால் கடித்துக் கடித்து வெறும் தக்கையாக ஆகியிருந்தன. பாவாடையைக் கிழித்து அடிபட்ட கணுக்காலில் இறுக்கிக் கட்டியிருந்தாள். கடைசிக் கதிரில் பாதி அப்படியே இருந்தது. அவள் வாயிலும் கொஞ்சம் சோளம் இருந்தது.

தீர்த்தராஜ் வந்தார். பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, அவனுக்குத் தெரிய வேண்டாம், நாமே எடுத்து எரித்துவிடலாம், தக்கைகளை ஆற்றில் போடுங்கள் என்றார். யாரும் அசையவில்லை. நான் போனில் ஹோம்நாத்தைக் கூப்பிட்டேன். கூப்பிட்டது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அது அவனுடைய பிள்ளை.

வந்தான். குனிந்து பார்த்தான். ஒரு தக்கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்களில் ஒருத்தர்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே," என்று தீர்த்தராஜைக் கூப்பிட்டான். குரலில் கோபம் இல்லை, அதுதான் எங்களால் தாங்க முடியவில்லை. "நான் ஆத்துல வெச்ச சோறு இவளுக்குப் போகலியே. இவ இங்கதானே இருந்திருக்கா."

தீர்த்தராஜ் அவன் காலைப் பிடித்தார், மூத்தவர். ஹோம்நாத் காலை உருவிக்கொள்ளவும் இல்லை, அவரைத் தூக்கவும் இல்லை. ஒரு தடவை காரியம் ஆனவர்களுக்கு மறுபடி காரியம் கிடையாது என்றார் புரோகிதர். மந்திரம் இல்லாமல், வெறும் விறகு வைத்து எரித்தார்கள்.

அதற்கப்புறம் அவனுக்குப் பைத்தியம் என்றார்கள். பைத்தியம் இல்லை. வேலை செய்தான், குளித்தான், என் கடையில் பகலில் வந்து குடித்தான். ஆனால் மறு மழைக்காலம் பிறந்ததும் எங்கே மலை சரிந்தாலும் கூப்பிடாமலே போனான். போன இடத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்வான். நாலு நாள், ஐந்து நாள் ஆனாலும் படுத்துக் காதை வைத்தபடி இருப்பான். யாராவது தர்ப்பை அறுத்துக்கொண்டு வந்தால் பிடுங்கி ஆற்றில் எறிவான். முன்பு அவன் வந்தால் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இப்போது அவன் வருவது தெரிந்தால், வந்துவிட்டான் என்று முணுமுணுத்தார்கள். அவன் பேச்சைக் கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு ஒருத்தர்கூட உயிரோடு கிடைக்கவில்லை.

எங்களுக்கு மேலே சிம்லே என்று ஒரு ஊர். ஆவணி மழையில் அங்கே ஒரு வீடு போயிற்று. உள்ளே ரமிலா என்ற பெண்ணின் மகன், பள்ளிக்கூடப் பையன். நான் அவலும் டீயும் சுமந்துகொண்டு போயிருந்தேன். ஹோம்நாத் ஏற்கெனவே அங்கே இருந்தான். மண்ணில் படுத்திருந்தான். பொக்லைன் நின்றது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. ரமிலா ஒரு கல்லில் உட்கார்ந்து முக்காட்டை வாயில் திணித்திருந்தாள். எத்தனை நாளாக அப்படி இருந்தாளோ, உதடு வெடித்திருந்தது.

திடீரென்று அவளுக்கு அடக்க முடியவில்லை. துணியைத் துப்பிவிட்டு ஓவென்று அழுதாள்.

"தங்கச்சி, கொஞ்சம் பொறு. சத்தம் போடாதே. கீழ ஏதாவது கேக்குதான்னு..." என்றான், தலையைத் தூக்காமல்.

"கேக்காது அண்ணே. என் புள்ள செத்துட்டான். எனக்குத் தெரியும், பெத்தவ எனக்குத் தெரியாதா? நீ சொன்னியேன்னு இத்தனை நாளா வாயை மூடிட்டு உக்காந்திருக்கேன். அழக்கூட விடாம வெச்சிருக்கியே, நான் உனக்கு என்ன பண்ணினேன்? என்னை அழ விடு."

அவன் எழுந்து உட்கார்ந்தான். காதில் சேறு அப்பியிருந்தது. அவளைப் பார்த்தான், மண்ணைப் பார்த்தான். மறுபடி காதை வைக்கப் போவதுபோல் ஒரு கையை ஊன்றினான். ஊன்றிய கையை எடுத்தான். பொக்லைன்காரன் பக்கம் திரும்பி, ஓட்டு என்று அவனே கையைக் காட்டினான். பிறகு போய் ரமிலாவுக்குப் பக்கத்தில், கீழே ஈரத்தில் உட்கார்ந்தான். இயந்திரச் சத்தத்தில் அவள் அழுகை யாருக்கும் கேட்கவில்லை.

சாயங்காலம் பையன் கிடைத்தான். எல்லாரும் ஓடினார்கள். ஹோம்நாத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், முட்டி போட்டு, பையனின் தாடையை மெதுவாகப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தான். விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். வாய் நிறைய மண், தொண்டைவரைக்கும் மண்.

"உடனே போயிட்டான் தங்கச்சி," என்று திரும்பிச் சொன்னான். "உடனே போயிட்டான். பசியே தெரிஞ்சிருக்காது."

அதைச் சொல்லும்போது அவன் முகம் சந்தோஷமாக இருந்தது. எலினா போனதற்குப் பிறகு அவன் முகத்தில் நான் சந்தோஷத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.